கட்டியவள் அவிழ்க்காத துணி

மேஸ்திரி தொப்பி உதைத்த டீக் கெட்டில் நேராகப் போய்ச் சின்னவளின் வலது கையில் கவிழ்ந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சூடு இன்னும் ஆறவில்லை. முழங்கையில் விழுந்த டீ விரல் நுனி வரைக்கும் வழிந்து தோலை உரித்துவிட்டு மண்ணில் சொட்டியது. அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சத்தம் அவளுடைய ஓரகத்தியின் வாயிலிருந்துதான் வந்தது. கொழுந்துக் கூடையை அப்படியே போட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடி வந்தவள், அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியைப் பார்த்து யாரும் சொல்லத் துணியாத வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்த ஓரகத்திக்கு முசுடு என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டால் கதவோடு சண்டைக்குப் போவாள். அவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அந்த வரிசை வீடுகளுக்கு வந்தவர்கள். அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். டவுனுக்குப் போய் வேலை தேடுகிறேன் என்று கிளம்பிய தம்பி, போனவன் போனவன்தான். மிச்சம் நின்றது ஒரு அறையும் இரண்டு பெண்களும். உலகத்தில் முசுடு குரலை உயர்த்தாத ஒரே ஆள் சின்னவள். அவள் தலை வாரிக்கொண்டால் சிக்கெடுத்து விடுவதும், இருமினால் எழுந்து அடுப்பு மூட்டுவதும் இவள்தான். பெற்றிருந்தால்கூட இப்படிப் பார்த்திருப்பாளா என்று பக்கத்து அறைக்காரிகள் பொறாமையோடு பேசிக்கொள்வார்கள்.

மேஸ்திரிக்குத் தொப்பி என்று ஏன் பெயர் வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்பது பெண்களின் நெடுநாள் ஆராய்ச்சி. கையில் ஒரு பிரம்பு இருக்கும். பேசும்போது பக்கத்தில் இருக்கும் செடியைத் தட்டித் தட்டித்தான் பேசுவான். செடி கிடைக்காதபோது முதுகைத் தட்டுவான். அன்றைக்குச் சின்னவள் செய்த குற்றம், டீ விசில் ஊதிய பிறகு தாமதமாக வந்தது. எல்லாரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அப்போதுதான் இடுப்பில் கட்டியிருந்த டம்ளரை அவிழ்த்துக் கெட்டிலுக்கு முன்னால் குனிந்தாள். இங்கே என்ன விருந்தா வைத்திருக்கிறார்கள், வருகிற நேரத்துக்கு வந்து குடிக்க, என்று கேட்டுவிட்டுத்தான் காலைத் தூக்கினான்.

அவள் தாமதமானதற்கு ஒரு காரணம் இருந்தது. தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு பெரிய நிழல்மரம், அதனடியில் உட்கார வாகான ஒரு கல். அந்தக் கல்லை ஒட்டிய தேயிலைச் செடிக்குள் குளவிக் கூடு தொங்குவதைச் சின்னவள் பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா வரக்கூடாது. தலையில் கட்டியிருக்கும் துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, அந்தச் செடியின் உச்சிக் கிளையில் ரெட்டை முடிச்சாகக் கட்டிவிட்டு வர வேண்டும். துணியைப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒருத்தியும் கை நீட்ட மாட்டாள். ஆண்கள் வந்து கூட்டைக் கொளுத்திய பிறகு, கூடு சாம்பலானதைக் கண்ணால் பார்த்துவிட்டு, யார் கட்டினாளோ அவளேதான் அவிழ்க்க வேண்டும். இன்னொருத்தி கட்டிய முடிச்சைத் தொடக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கத் தெரிவதற்கு முன்பே தோட்டத்துப் பெண்களுக்கு இது தெரியும். துணி இருந்தால் சாவு, துணி இல்லையென்றால் தைரியமாகக் கையை விடலாம்.

இந்த முறையை ஒரு தடவை மீறியவன் தொப்பி. போன மழைக்காலத்தில், துணி கட்டிய செடிகள் அதிகமாகிவிட்டன என்று அவனுக்கு எரிச்சல். வேலைக்குக் கள்ளம் பண்ண இவர்கள் கண்டுபிடித்த வித்தை இது என்று சொல்லிக்கொண்டே ஒரு நிரை முழுக்கத் துணிகளைப் பிய்த்துப் போட்டான். மறுநாள் காலை, துணி இல்லாத செடிக்குள் நெட்டச்சி கையை விட்டாள். முசுடுக்குப் பக்கத்து நிரைக்காரி. ஆள் நெட்டை, சிரிப்பும் நெட்டை, இரண்டு நிரை தள்ளிக்கூடக் கேட்கும். முசுடும் அவளும் ஒரே டம்ளரில்தான் டீ குடிப்பார்கள், டம்ளரைத் தொலைத்தது யார் என்ற சண்டை தீராததால். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன டிராக்டரில் முசுடின் மடியிலேயே நெட்டச்சி அடங்கிப் போனாள். முகம் ஊதிப்போய் இன்னார் என்று அடையாளம் தெரியவில்லை. அப்போது தொப்பி டிராக்டர் ஓரமாக நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அவ அந்தச் செடிக்குத்தான் போவான்னு எனக்கென்ன தெரியும்?"

முசுடு அந்தப் பேச்சை மறக்கவில்லை. சாப்பிடும்போதும் நினைப்பாள், பறிக்கும்போதும் நினைப்பாள். நினைக்க நினைக்கக் கொழுந்தைக் கிள்ளுகிற விரலில் கூடுதல் அழுத்தம் சேரும்.

வேடிக்கை என்னவென்றால், நெட்டச்சி செத்த பிறகு தொப்பி துணிகளைத் தொடுவதில்லை. திருந்திவிட்டானாக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துவிட்டான், அவ்வளவுதான். காலையில் வந்ததும் எங்கெங்கே துணி தெரிகிறது என்று முதலில் கண்ணால் துழாவுவான். துணி இல்லாத இடமாகப் பார்த்து உட்காருவான். பெண்களைத் திட்டிக்கொண்டே பெண்கள் கட்டிய துணியை நம்பி உயிர் பிழைத்துக்கொண்டிருந்தான்.

கெட்டில் கவிழ்ந்த அன்று சாயங்காலம் அறைக்குள் சின்னவளின் கை ஒரு இலையின் மேல் கிடந்தது. மருந்தகத்தில் ஏதோ களிம்பு பூசி, துணி சுற்றி, ஈரம் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பஞ்சு வைத்திருந்தார்கள். முசுடு டீ போட்டு ஊதி ஊதி அவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். என்ன டீ, ஆலையில் நல்ல தூளெல்லாம் பெட்டியில் ஏறிப் போன பிறகு தரையில் கூட்டி அள்ளுகிற தூள். இவர்கள் பறிக்கிற கொழுந்தின் வாசனை எப்படி இருக்கும் என்பது எங்கேயோ வெள்ளைக் கோப்பையில் குடிப்பவர்களுக்குத்தான் தெரியும். சின்னவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, இனி இந்தக் கையால் பறிக்க முடியுமா என்று கேட்டாள். முசுடு டம்ளரை மறுபடியும் அவள் வாயருகே கொண்டு போனாள். முடியாது என்று மருந்தகத்தில் இவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

வேலைக்கு ஆள் வராத வீட்டுக்குச் சாவி கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். அறை சின்னவளின் புருஷன் வழியாக அவள் பேரில் இருந்தது, முசுடு வேலைக்குப் போவது கணக்கில் வராது. முசுடு அவளிடம், இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படு, மேனேஜரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று கண்டிப்பாகச் சொன்னாள். சின்னவள் தலையாட்டினாள். படுத்த பிறகு அனத்தினாள். வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த முசுடுக்கு, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. தொப்பி சாக வேண்டும். நெட்டச்சி செத்த மாதிரியே சாக வேண்டும்.

விடிந்தும் விடியாமல், பனி விலகுவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். மற்றவர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கோடி நிழல்மரத்தடியில் சின்னவளின் துணி, நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது, பனியில் நனைந்து கிளையோடு ஒட்டிக்கிடந்தது. செடிக்குள்ளிருந்து மெல்லிய முனகல் வந்தது. குளிரில் குளவிகள் இன்னும் எழவில்லை. முசுடு மூச்சை அடக்கிக்கொண்டு முடிச்சைப் பிடித்தாள். ஈரத்தில் இறுகிப்போன ரெட்டை முடிச்சு, நகத்துக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். அவள் கன்னத்துக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. துணி கையோடு வந்தது.

அப்போது அவள் ஒரு நிமிடம் தயங்கியது உண்மை. இன்னொருத்தி கட்டியதை அவிழ்த்தாயிற்று. ஆனால் இன்றைக்குப் பெண்களுக்கெல்லாம் மேல் நிரைகளில்தான் பறிப்பு, கீழ்க்கோடிக்கு ஒருத்தியும் வரப்போவதில்லை. டீக்காரனும் மேட்டிலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவான். இங்கே வந்து உட்காருகிறவன் ஒருத்தன்தான், அவனுக்குப் பிடித்த கல் இது. துணியைக் காணோம் என்றால் கூட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். இப்படி ஒவ்வொன்றாக யோசித்துத் தன்னைத் தேற்றிக்கொண்டு, துணியை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

அவள் யோசிக்காதது ஒன்று உண்டு. அவள் கிளம்பிப் போன பிறகு தொப்பி வரிசை வீடுகளுக்கு ஆள் அனுப்பினான். டீக்காரனை ஆலையில் மூட்டை ஏற்றக் கூப்பிட்டுக்கொண்டார்கள், கெட்டில் தூக்க ஆள் இல்லை. பறிக்க முடியாதவளுக்கு இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, வரட்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொண்டு வந்து கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டான். கேட்டுக்கொள்ள, அக்கா என்று அவள் கூப்பிடும் முசுடும் வீட்டில் இல்லை. சின்னவள் வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையில் கெட்டிலைத் தூக்கினாள்.

டீ விசில் ஊதியது. முசுடு மேல் நிரையில் நின்று கீழே பார்த்தாள். தொப்பி கல்லில் உட்கார்ந்துவிட்டான். பிரம்பை மடியில் வைத்து, கால்மேல் கால் போட்டு, யாருக்கோ காத்திருந்தான். அவளுக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஒரு தட்டு, பிரம்பால் பழக்க தோஷத்தில் ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும்.

அப்புறம்தான் பாதை வளைவில் கெட்டில் தெரிந்தது. கெட்டிலுக்குப் பின்னால் நீலப் புள்ளித் தலைத்துணி.

தனக்கு முதலில் ஊற்றிவிட்டுத்தான் மேலே போய் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும் என்று தொப்பி அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். சின்னவள் நேராக அவனை நோக்கித்தான் நடந்தாள். முசுடு கூடையை உதறினாள். கத்தினால் அவன் எழுந்து ஓடிவிடுவான், கத்தாவிட்டால் இவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். யோசிக்க நேரம் எங்கே இருந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"குளவி. சின்னவளே, குளவி. அங்கேயே நில்லுடி."

சின்னவள் நின்றுவிட்டாள். தொப்பியும் திடுக்கிட்டுத்தான் எழுந்தான். செடியை மேலும் கீழும் பார்த்தான். துணி இல்லை. நேற்றுக் கத்தியவள் இன்றைக்கும் கத்துகிறாள், எல்லார் முன்னாலும் தன்னைத் துள்ள வைத்துச் சிரிக்கப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"துணி எங்கடி?" என்று மேலே பார்த்துக் கேட்டான். "துணி எங்க?"

கேட்டுக்கொண்டே, அவர்களுக்குக் காட்டுவதற்காகவே, செடியைப் பிரம்பால் ஓங்கி அடித்தான்.

கூடு உடைந்து கறுப்பாக ஒரு கூட்டம் மேலே எழுந்தது. முதலில் அவன் முகத்தில்தான் விழுந்தது. தலையிலிருந்த தொப்பி பறந்தது, இத்தனை வருஷத்தில் அவன் மொட்டைத் தலையை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். சிரிக்கத்தான் யாரும் இல்லை. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினான், மனுஷ வாடை இருக்கும் பக்கமாக ஓடினான். எதிரே நின்றது சின்னவள். அவளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டான். பனியில் நனையாமலிருக்க இடுப்பில் அவள் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் சீட்டைப் பிய்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான், ஆனால் அவளை விடவில்லை. அவள் வெந்த கை அவன் பிடிக்குள் மாட்டிக்கொண்டது. களிம்புத் துணியோடு தோலும் சேர்ந்து கழன்றது. குளவிகள் இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்துக் கொட்டின.

முசுடு எப்படி அந்தச் சரிவில் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விழுந்து, உருண்டு, எழுந்து வந்தாள். கழுத்திலும் காதிலும் நெருப்பு விழுந்த மாதிரி கொட்டியது. அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடித்தாள். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது, பிடி தளரவில்லை. தரையில் கெட்டில் கிடந்தது. எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தாள். தோளில் அடித்தாள், தலையில் போர்த்தியிருந்த சீட்டின் மேல் அடித்தாள். நெட்டச்சிக்காக ஒன்று, கெட்டிலுக்காக ஒன்று என்று கணக்கெல்லாம் பார்க்கவில்லை. அவன் பிடியை விட்டுச் சரிந்து பாதையோரத்து வாய்க்காலில் போய் விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தாள். அப்புறம் அவன் தலையிலிருந்து சீட்டை உருவிச் சின்னவளின் மேல் போட்டு, அதன் மேல் தானும் குப்புறப் படுத்துக்கொண்டாள். சுற்றிலும் இரைச்சல். உடம்புக்கு அடியில் சின்னவள் நடுங்குவது மட்டும் தெரிந்தது. நடுங்கட்டும், நடுங்கினால் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண்கள் புகை போட்டு வருவதற்குள் தொப்பி முடிந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். முசுடின் ஒரு காது வீங்கித் தோளைத் தொட்டது. சின்னவளுக்குத்தான் மோசம். இரண்டு கண்ணும் மூடிப்போய், உதடு தடித்து, ஆள் மாறிப்போயிருந்தாள். கண் திறந்தால்தான் பார்வை எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள், அழுது முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சந்தோஷப்பட்டார்கள். மேனேஜர் வந்து விசாரித்தாராம். துணி இருந்ததா என்று கேட்டாராம். முதல் நாள் நீலத் துணி ஒன்று அங்கே தெரிந்ததே என்று யாரோ சொன்னார்களாம். அப்படியானால் பிய்த்தது யார் என்று கேட்டதும் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள், வேறு யார், அந்தக் கட்டையில் போறவன்தான், பழைய புத்தி போகுமா என்று. மேனேஜருக்கும் அது வசதியாக இருந்தது. மணிக்கட்டு உடைந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. வாய்க்காலில் விழுந்ததில் உடைந்திருக்கும். நெட்டச்சி போட்ட கணக்கு இது என்று சொல்லி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். முசுடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. இடுப்பில் செருகிய துணி, ஆஸ்பத்திரிச் சேலை மாற்றும்போது கைக்கு மாறி, இப்போது தலையணைக்கு அடியில் இருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை. அது சின்னவளின் துணி.

பெண்கள் போன பிறகு நர்ஸ் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்து வைத்தாள். பால் விட்ட டீ. முசுடு எழுந்து, ஒன்றை எடுத்து ஆற்றி, சின்னவளின் கட்டிலில் உட்கார்ந்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டு போனாள்.

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. தடித்த உதட்டுக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, நான் ரெட்டை முடிச்சு போட்டிருந்தேன்."

"பேசாம குடிடி."

"காத்துக்கு அவுராது அது. அவன் இப்பல்லாம் துணியத் தொடுறதுமில்ல. அவன்தான் கேட்டானே, துணி எங்கன்னு."

முசுடு டம்ளரைக் கீழே வைத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து துணியை எடுத்து, சின்னவளின் இடது கையில் வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். இவளிடம் சொன்னதில்லை, பழக்கமில்லை.

சின்னவளின் விரல்கள் துணியைத் தடவின. ஓரத்தில் அவளே போட்ட தையலைக் கண்டுபிடித்தன. அங்கேயே நின்றன. வீங்கிய கண்ணோரத்தில் ஈரம் கசிந்தது.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள் முசுடு. "சத்தியமா தெரியாது."

சின்னவள் துணியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நெட்டச்சியக்கா வருவான்னு அவனுக்கும் தெரியாதுதானக்கா."